வழியில் மக்கர் செய்யும் டூரிங் பைக்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடுவது

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் அணையைப் படமெடுக்க நிறுத்தினேன். படம் எடுத்தாயிற்று, வண்டியை எடுக்க முடியவில்லை. செல்ஃபை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. மழை வேறு தூற ஆரம்பித்திருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் சீட்டைக் கழற்றினார். ஃபாக் லைட், யுஎஸ்பி சார்ஜர், ஜிபிஎஸ் டிராக்கர், கூடுதல் ஹார்ன் என்று பேட்டரித் தலையில் நான் கட்டி வைத்திருந்த வயர்க் கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க மாட்டுனதுதான் சரியில்ல" என்றார். டெர்மினல் போல்ட்டை ரெண்டு திருகு திருகினார். முதல் அழுத்திலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இந்த வண்டியில் கடைசியாகக் கை வைத்தது எங்கே? கீழே உள்ள எல்லாமே அந்தக் கேள்வியை ஒட்டி எழுதியவை. 300 முதல் 450 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்ஷன், செயின், ஏபிஎஸ் உள்ள வண்டியை மனதில் வைத்திருக்கிறேன். நான் சொல்லும் எண்ணும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணும் மோதினால் கையேடுதான் ஜெயிக்க வேண்டும். கையில் ஒரு சின்ன மல்டிமீட்டர் இருக்கட்டும். அது இல்லாமல் மின்கோளாறு தேடுவது குருடன் யானையைத் தடவிய கதைதான்.

செல்ஃப் அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை, மீட்டர் விளக்கு எல்லாம் எரிகிறது

ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். டீக்கடையில் நிறுத்தியபோது யாராவது குழந்தை தட்டியிருக்கும், அல்லது நீங்களே கையுறையோடு தட்டியிருப்பீர்கள். அடுத்து நியூட்ரல் விளக்கு. அது எரியவில்லையென்றால் கிளட்சைப் பிடித்தபடி, சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டு அழுத்துங்கள். அப்போதும் மௌனம் என்றால் கிளட்ச் லீவர் அடியில் உள்ள சின்ன ஸ்விட்சைச் சந்தேகியுங்கள். லீவர் கார்டு மாட்டியவர்களுக்கும், லீவரை மாற்றியவர்களுக்கும் அந்த ஸ்விட்ச் முழுதாக அழுந்தாமல் போகும். லீவரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தபடி செல்ஃப் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வண்டி கீழே சாய்ந்து எழுந்த பிறகு பிடிக்கவில்லையா? பயப்பட ஒன்றுமில்லை. சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் ஒன்று இருக்கிறது. வண்டியை நேராக நிறுத்தி, சாவியை அணைத்து, சில நொடி விட்டு மறுபடி போடுங்கள்.

'டிக்' அல்லது 'டிக்டிக்டிக்', மீட்டர் விளக்கு மங்குகிறது

டூரிங் வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கையால் பேட்டரி முனைகளை ஆட்டிப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் அந்த போல்ட்டுகள் தளர்வது சகஜம். ஒரே போல்ட்டுக்குள் நாலு ஐந்து வயர் வளையங்களைத் திணித்திருந்தால் கேட்கவே வேண்டாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும்.

முனை இறுக்கமாகவே இருக்கிறதென்றால் மீட்டரை எடுங்கள். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழ் போனால் காலி. மீட்டரை வைத்தபடியே செல்ஃப் அடியுங்கள். அந்த நேரத்தில் 10 வோல்ட்டுக்கு வெகு கீழே விழுந்தால், சார்ஜ் ஏற்றியும் அப்படியே விழுந்தால், பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

வண்டியை எப்படியாவது கிளப்பிய பிறகு, எஞ்சின் வேகத்தை 3,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரை பிடித்து மறுபடி அளவெடுங்கள். 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லையென்றால் சார்ஜிங் பக்கம் கோளாறு: மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில், அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையர், இரண்டையும் சேர்க்கும் கப்ளர். கப்ளரைக் கழற்றி, கருகிய முனை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் குற்றவாளி ஒளிந்திருப்பான். 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரியும் பல்புகளும் சேர்ந்து போகும்.

எல்லா அளவும் சரி, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் வண்டி கிளம்புவதில்லையா? அப்போது ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் குடிக்கிறது. சாவியை அணைத்துவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். (அந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) சில மில்லி ஆம்பியர் ஓடுவது கடிகாரத்துக்கானது. 50 மில்லி ஆம்பியர் ஓடினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 8 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரம் தாங்காது, செல்ஃப் அதற்கு முன்பே கைவிரித்துவிடும். மாட்டிய சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அதுதான். என் வண்டியில் அது நேரடியாக பேட்டரியில் மாட்டிய யுஎஸ்பி சார்ஜர். போன் இல்லாமலே இரவெல்லாம் நீல விளக்கை எரித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

ஃபாக் லைட் விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு விளக்கு 40 வாட் என்றால் இரண்டும் 80 வாட், 12 வோல்ட்டில் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர். வண்டியின் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், இக்னிஷன், மீட்டர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்களுக்கு. மலைப்பாதையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த மிச்சமும் சுருங்கும், பற்றாக்குறையை பேட்டரிதான் ஈடுகட்டும். அதனால் பகலில் அலங்காரத்துக்காக எரிக்காதீர்கள். வயரிங் செய்யும்போது ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) கட்டாயம். அதன் முனைகளில் எண் இருக்கும்: 30 பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87 விளக்குக்கு, 86 பார்க்கிங் விளக்கு வயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக, 85 எர்த். இப்படிச் செய்தால் சாவியை அணைத்ததும் விளக்கும் அணையும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துக் கொடுக்கும் கடைக்காரரிடம், நடுவில் வயர் உரசினால் எது காப்பாற்றும் என்று கேளுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? இரண்டாம் கியரில், இறக்கத்தில், பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் முடியும். மீட்டரே எரியாத அளவுக்கு இறந்திருந்தால் பெட்ரோல் பம்ப் ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியைப் போட்டதும் டேங்கிலிருந்து இரண்டு மூன்று நொடி 'ஊம்' என்று ரீங்காரம் வர வேண்டும். வரவில்லையென்றால் பம்ப் ஃபியூஸ், பிறகு பம்ப் கப்ளர். வந்தும் பிடிக்கவில்லையென்றால் டேங்கைத் திறந்து கண்ணால் பாருங்கள், மீட்டர் காட்டும் பெட்ரோல் அளவை நம்பாதீர்கள். தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்த பிறகு வந்த கோளாறென்றால் பிளக் மூடியைக் கழற்றித் துடையுங்கள். அவ்வளவுதான் ரோட்டோரம் செய்ய முடிந்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து பிடிக்கிறது

இங்கே நேரத்தைக் கவனியுங்கள். குழியில் விழுந்து எழும்போது அணைந்தால் பேட்டரி முனை, அல்லது சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச். சேறு அடைத்த ஸ்டாண்ட் ஸ்விட்ச், ஸ்டாண்ட் கீழே இருப்பதாக எஞ்சினுக்குப் பொய் சொல்லும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு ஸ்டாண்டைப் பத்து முறை மடக்கி விரித்தால் அநேகமாகச் சரியாகும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது அணைந்தால், அல்லது ஒரு பக்கம் திருப்பினால் எஞ்சின் வேகம் தானாக ஏறினால், சமீபத்தில் ஹேண்டில் ரைசர் மாட்டினீர்களா என்று யோசியுங்கள். ஹேண்டிலை ஒரு அங்குலம் உயர்த்தினால் ஆக்சிலரேட்டர் கேபிளும் வயர்களும் ஒரு அங்குலம் இழுபடும். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் கேபிள் பாதையை மாற்றும்வரை ஓட்டாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் தானாக ஆக்சிலரேட்டர் ஏறுவதைப்போல ஆபத்து வேறில்லை.

நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் மூச்சுத் திணறி நிற்கிறதென்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது.

ஹேண்டில் ஆடுகிறது, வண்டி நெளிகிறது

இரண்டும் வெவ்வேறு வியாதிகள். வேகத்தைக் குறைக்கும்போது, 60-லிருந்து 40-க்கு இறங்குகையில் ஹேண்டில் மட்டும் படபடவென்று உதறினால் முன்பக்கம்: டயர் காற்று, டயரின் ஏறுமாறான தேய்மானம், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்). முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட்டின் பேரிங் பாதை குழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது 'டக்' என்று ஆடினால் இறுக்கினால் போதும்.

80, 90-ஐத் தாண்டும்போது வண்டி முழுவதும் மெதுவாகப் பாம்புபோல் நெளிந்தால் சந்தேகம் பின்பக்கத்துக்குப் போக வேண்டும், அதிலும் நீங்கள் கட்டிய மூட்டைக்கு. டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிறது. அதில் டூல் கிட்டையும் தண்ணீர்க் கேனையும் வைத்தால் முன்சக்கரம் எடையிழந்து மிதக்கும். கனமானது கீழே, சாடில் பேக்கின் அடியில், முடிந்தவரை ஓட்டுபவருக்கு அருகில். டாப் பாக்ஸுக்கு மழைக்கோட்டும் துண்டும் போதும். இடமும் வலமும் சம எடை. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் காற்றை ஏற்றுங்கள். ஸ்விங் ஆர்மிலோ செயின் கார்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாள் அளவும் இருவர் அளவும் வேறுவேறாக இருக்கும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடையும் (ஸ்பிரிங்கின் முன் இறுக்கம்) ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் வால் தாழ்ந்து, ஹெட்லைட் மரக்கிளைகளைத் தேடும், எதிரே வருபவர் உங்களைத் திட்டுவார்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நாகர்கோவில் போகிற வழியில் ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் வண்டி ஒருபக்கமாகத் தள்ளப்பட்டால் வண்டியில் கோளாறு தேடாதீர்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை அழகுக்காக நடவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே மூன்று பெட்டி கட்டிய வண்டி ஒரு பாய்மரம். வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கால்களால் டேங்கை அணைத்து ஓட்டினால் போதும்.

செயின் சத்தம், விட்டு விட்டு இழுக்கிறது

சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே தொய்வை அளங்கள். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர். ஒரு இடத்தில் இறுக்கம், இன்னொரு இடத்தில் தொங்கல் என்று பெரிய வித்தியாசம் இருந்தால் செயின் சீராக நீளவில்லை, சரிசெய்து பயனில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் முழு செட்டாக மாற்றும் நேரம். செயினை மட்டும் மாற்றிப் பணம் மிச்சம் பிடிப்பவர் ஆறு மாதத்தில் இரட்டிப்பாகக் கொடுப்பார்.

தொய்வைவிட அதிக இறுக்கம்தான் கேடு. ஆளும் மூட்டையும் ஏறி வால் தாழும்போது செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும், பெட்ரோல் வேண்டாம், செயினுக்குள் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் கெடும். பிறகு 90 கிரேடு கியர் ஆயில் அல்லது செயின் ஸ்ப்ரே. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்த அன்றைக்கே ஒருமுறை. தனுஷ்கோடிக்குப் போய் வந்தால் அன்று இரவே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுங்கள். அரிச்சல்முனையின் உப்புக் காற்றும் மணலும் ஒரே வாரத்தில் செயினைச் செம்மண் நிறமாக்கிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயின் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் போகும்.

பிரேக் பிடிக்கவில்லை

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பாதி வழியில் பிரேக் மாறுவதாகத் தோன்றினால் லீவர் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். லீவர் கெட்டியாகவே இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லையென்றால் பேட் சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது. லீவர் பஞ்சுபோல் கைப்பிடிவரை வந்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டது. இரண்டாவது மோசமானது. டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அது 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

இரண்டுக்கும் உடனடி வைத்தியம் ஒன்றே. நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். பிறகு இரண்டாம் கியரில், எஞ்சின் பிடியில் இறங்குங்கள். பின்னால் வரும் நண்பரிடம் உங்கள் பிரேக் விளக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் உங்கள் பூட்ஸ் உங்களுக்கே தெரியாமல் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறது.

ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை

சாவி போட்டதும் எரிந்து, வண்டி சில மீட்டர் நகர்ந்ததும் அணைவதுதான் இயல்பு. சென்டர் ஸ்டாண்டில் வைத்து எஞ்சினால் பின்சக்கரத்தைச் சுற்றவிட்டிருந்தால், முன்சக்கரம் நிற்கப் பின்சக்கரம் மட்டும் ஓடுவதைக் கண்டு அது குழம்பும். அணைத்துப் போட்டு ஓட்டினால் சரியாகும். பஞ்சர் கடைக்குப் பிறகு எரிய ஆரம்பித்ததென்றால் ஸ்பேசர் பக்கம் மாறியிருக்கும், சென்சார் வளையம் கடப்பாரையில் வளைந்திருக்கும், அல்லது சென்சார் வயர் டயரில் உரசி அறுந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மாட்டும்போது வாக்குவாதமில்லை. ஏபிஎஸ் இல்லாமலும் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் சறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. லீவரில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா? ரைசர் மாட்டியவர்கள் ஹேண்டிலைத் திருப்பிய நிலையிலும் பாருங்கள். அது சரியென்றால் கடைசியாக ஊற்றிய ஆயில் என்ன? வழியில் அவசரத்துக்குக் கார் எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். நம் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருப்பது. டப்பாவில் இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்றது என்று சொல்லும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இருக்க வேண்டும். ஆயிலை மாற்றியும் வழுக்கினால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும்.

மைலேஜ் குறைந்துவிட்டது

டயர் காற்று, அடைத்த ஏர் ஃபில்டர், உரசும் பிரேக், எதிர்க்காற்று. இந்த வரிசையில் பாருங்கள். காற்றைத் தடுக்கும் உயரமான முன்கண்ணாடியும் இரண்டு பக்கப் பெட்டியும் மாட்டிய அன்றே கொஞ்சம் குறைவது உறுதி, அதற்கு மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

ஹெல்மெட் அதிர்கிறது, காதில் இரைச்சல்

பெரும்பாலும் முன்கண்ணாடியின் வேலை. ஆளில்லாத நேர்ச்சாலையில் 60-ல் போகும்போது ஃபுட்ரெஸ்டில் லேசாக எழுந்து பாருங்கள். இரைச்சல் சட்டென்று சீரானால் கண்ணாடியின் விளிம்பு கலக்கிய காற்று உங்கள் நெற்றியில் அடிக்கிறது. இன்னும் உயரமானதை வாங்குமுன், இருப்பதைத் தாழ்த்தியோ சாய்வை மாற்றியோ பாருங்கள். எனக்குக் கண்ணாடியைக் கழற்றியதுதான் சுகம்.

போனில் எடுக்கும் படமெல்லாம் கலங்கலாக வருகிறது

ஹேண்டிலில் மாட்டி ஓட்டிய போனா? கேமராவின் ஆட்டம் தடுக்கும் அமைப்பு எஞ்சின் அதிர்வில் கெடக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் ரப்பர் உள்ள மவுண்ட் கொஞ்சம் உதவும். வழிகாட்ட ஒரு பழைய போனை மாட்டிவிட்டு, நல்ல போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அதைவிட உதவும்.

எங்கிருந்தோ 'கடகட'

நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கையால் தட்டுங்கள். சாடில் ஸ்டே, கிராஷ் கார்டு, ஃபாக் லைட் கிளாம்ப், நம்பர் பிளேட். புதிதாக மாட்டிய எதையும் முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். போல்ட் மரையில் நீல நிறத் திரெட் லாக் பசை ஒரு சொட்டு விட்டால் அதிர்வில் கழலாது, ஸ்பேனர் போட்டால் கழலும். சிவப்பு நிறப் பசையைப் போடாதீர்கள், பிறகு சூடாக்கித்தான் கழற்ற வேண்டும். தட்டிப் பார்த்ததில் எதுவும் ஆடவில்லை, சத்தம் மட்டும் போகவில்லையென்றால் டாப் பாக்ஸைத் திறந்து பாருங்கள். எனக்கு ஒருமுறை ராமநாதபுரத்திலிருந்து மதுரைவரை கேட்ட சத்தம், துணி சுற்றாமல் போட்டிருந்த ஸ்பேனர் செட்.